சக்கரம் போற பாதை: டொராண்டோவில் ஒரு இலையுதிர்கால நடை

ஒரு நடைபாதையைப் பத்தி "ரொம்ப ஈஸி" என்று யாராவது எழுதியிருந்தால், முதலில் கேட்க வேண்டியது: யாருக்கு ஈஸி? பெரும்பாலும் அதை எழுதினவர் முப்பது வயசு, ரெண்டு கையும் வீசிக்கிட்டு நடக்கிறவர். அவருக்குப் பாதையில் குறுக்கே கிடக்கிற வேர் ஒரு விஷயமே இல்லை, தாண்டிப் போயிடுவார். நாலு படி இருந்ததே அவருக்கு ஞாபகம் இருக்காது. ஸ்ட்ரோலர் தள்ளிக்கிட்டுப் போறவங்களுக்கு அந்த நாலு படியோட நடை முடிஞ்சுது.

டொராண்டோவில் ஒவ்வொரு அக்டோபரிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் சிவப்பு மேப்பிள் படங்கள் வர ஆரம்பிச்சதும் எல்லாரும் கிளம்பறோம். ஒரு வண்டியில் எட்டு மாசக் குழந்தை, நாலு வயசுப் பையன், பிள்ளை பெத்து இன்னும் உடம்பு தேறாத அம்மா, ஊரிலேர்ந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்க வந்த பாட்டி. போய்ச் சேர்ந்து, பாதையோட ஆரம்பத்தைப் பார்த்ததும் பாட்டி சொல்றது: "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் கார்லயே இருக்கேன்." கொஞ்ச தூரம் போனதும் அம்மாவும் குழந்தையோட திரும்பிடுவாங்க. கடைசியில் இலையைப் பார்த்தது யாருன்னா, எப்ப வேணும்னாலும் தனியாவே போய்ப் பார்க்கக் கூடியவங்கதான்.

இந்தக் குறிப்போட நோக்கம் ஒண்ணுதான்: யாரையும் காரில் உட்கார வைக்காத நடையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? இதுக்கு நான் வெச்சிருக்கிற விதி சின்னது. ஒரு பாதையை அதோட மோசமான பத்து மீட்டரை வெச்சு மதிப்பிடணும். மீதி ரெண்டு கிலோமீட்டர் பட்டு மாதிரி இருந்தாலும், சக்கரம் நிக்கப் போறது அந்தப் பத்து மீட்டரில்தான்.

சக்கரத்தோட கணக்கு

முதலில் சரிவு. குழந்தை, ஸ்ட்ரோலர், அடியில் திணிச்ச பை எல்லாம் சேர்த்து 20 கிலோன்னு வெச்சுக்குவோம். 5% ஏற்றத்தில், அதாவது 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் பாதையில், சரிவுக்காக மட்டும் நீங்க தள்ள வேண்டியது சுமார் 1 கிலோ எடைக்குச் சமமான விசை. 10% ஏற்றத்தில் அது 2 கிலோ. பெரிசா தெரியலை இல்லையா? அதே பாதையில் சக்கர நாற்காலியும் அதில் ஒரு ஆளும் சேர்ந்து 80 கிலோன்னா, 5% ஏற்றத்தில் 4 கிலோ, 10% ஏற்றத்தில் 8 கிலோ. எட்டு கிலோவை விடாமல் தள்ளிக்கிட்டே மேலே ஏறிப் பாருங்க. இறங்கும்போது அதே விசை உங்களை முன்னால் இழுக்கும். ஸ்ட்ரோலர் கைப்பிடியில் இருக்கிற மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது தடை: வேர், கல், பலகை விளிம்பு. இங்கே சக்கரத்தோட அளவுதான் எல்லாம். மடக்குகிற சின்ன ஸ்ட்ரோலரின் சக்கர ஆரம் 7 செ.மீ., குறுக்கே 5 செ.மீ. உயர வேர் ஒண்ணு கிடக்குன்னு வெச்சு, நேராகத் தள்ளி ஏத்த எவ்வளவு விசை வேணும்னு கணக்குப் போட்டால், அந்தச் சக்கரத்து மேல இருக்கிற எடையைப் போல மூணு மடங்குக்கும் மேல வருது. ஆரம் 15 செ.மீ. இருக்கிற பெரிய காற்றுச் சக்கரத்துக்கு அதே வேரை ஏற, கிட்டத்தட்ட அந்த எடை அளவு விசையே போதும். சின்ன சக்கர ஸ்ட்ரோலர் வேரில் முட்டி நின்னு, குழந்தை முன்னால் சாயறதுக்குக் காரணம் இதுதான். முன்சக்கரத்தைத் தூக்கிட்டுப் பின்சக்கரத்தை மட்டும் உருட்டி ஏத்தலாம். இல்லேன்னா ஸ்ட்ரோலரைத் திருப்பிப் பின்பக்கமா இழுத்துக்கலாம். ஆனால் நூறு வேருக்கு நூறு தடவை அப்படிச் செஞ்சால் அதுக்குப் பேர் நடை இல்லை, கூலி வேலை.

மூணாவது தரை. தார், கான்கிரீட், மரப்பலகை, நல்லா இறுகின கல்தூள் இவை நாலும் உருளும். தளர்வான சரளைக்கல்லும் மணலும் சக்கரத்தை விழுங்கும். இலையுதிர்காலத்தில் இன்னொரு சேர்க்கை உண்டு: நனைஞ்ச இலை. பார்க்க அழகு, காலுக்கு வழுக்கல். அதோட, பாதையின் ஓரத்தையும் குழியையும் மூடி மறைச்சிடும். மழை பெய்த மறுநாள் கல்தூள் பாதையை விடத் தார்ப்பாதையே நல்லது.

சட்டம் சொல்றதும் சொல்லாததும்

ஒண்டாரியோ மாகாணத்தில் 2005-ல் அணுகல்தன்மைச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகளில் பொழுதுபோக்குப் பாதைகளுக்கு அளவு இருக்கு. புதுசா போடற அல்லது பெரிசா திருத்தற பாதைக்குக் குறைஞ்சது 1000 மில்லிமீட்டர் அகலம், தலைக்கு மேல் 2100 மில்லிமீட்டர் இடைவெளி, உறுதியான நிலையான தரை வேணும். நுழைவாயிலின் திறப்பு 850-லிருந்து 1000 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். இரட்டைக் குழந்தைகளுக்கான அகல ஸ்ட்ரோலர் வெச்சிருக்கிறவங்க அந்த 850-ஐக் கவனிக்கணும். ஒரு தடவை வீட்டிலேயே டேப் வெச்சு ஸ்ட்ரோலரை அளந்துட்டால் போதும். ஒரு மீட்டர் அகலம்னா ஒருவழிதான், எதிரே இன்னொரு ஸ்ட்ரோலர் வந்தால் யாராவது ஒதுங்கணும்.

சுவாரசியமான விஷயம், சட்டம் சொல்லாதது. தெருவோர நடைபாதை மாதிரியான பாதைகளுக்கு 1:20 என்று சரிவு வரம்பு இருக்கு. பொழுதுபோக்குப் பாதைக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. சரிவு எவ்வளவு, உட்கார இடம் எங்கே என்பதைப் பொதுமக்களிடமும் மாற்றுத்திறனாளிகளிடமும் கலந்து பேசி முடிவு பண்ணணும் என்பதோட நிறுத்திக்குது. காட்டுப்பாதைகளுக்கு இந்த விதிகளிலிருந்தே விலக்கு உண்டு. பள்ளத்தாக்கில் எல்லா இடத்திலும் 5% சரிவு சாத்தியமில்லைன்னு அவங்களுக்குத் தெரியும்.

அதுக்குப் பதிலா சட்டம் கேக்கறது ஒரு பலகை. பாதையோட ஆரம்பத்தில் நீளம், தரை எதனால் ஆனது, சராசரி அகலமும் குறைந்தபட்ச அகலமும், சராசரிச் சரிவும் அதிகபட்சச் சரிவும், வசதிகள் எங்கே இருக்கு என்பதெல்லாம் எழுதியிருக்கணும். அந்தப் பலகையில் சராசரியை விட்டுடுங்க. சராசரி ஆழத்தை நம்பி ஆத்துல இறங்கினவன் கதை நமக்குத் தெரியும். பார்க்க வேண்டியது அதிகபட்சச் சரிவு, குறைந்தபட்ச அகலம் ரெண்டும்தான். நான் சொன்ன மோசமான பத்து மீட்டர் அந்த ரெண்டு எண்களில்தான் ஒளிஞ்சிருக்கு. பழைய பாதைகளில் இந்தப் பலகை இருக்காது. அங்கே முன்னாடி போனவங்களைத்தான் கேக்கணும். அப்பவும் "எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்காம, "எங்கயாவது படி இருக்கா? எங்கயாவது ஸ்ட்ரோலரைத் தூக்கினீங்களா?"ன்னு கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

டொராண்டோ தரையோட குணம்

டொராண்டோவை மேலோட்டமாப் பார்த்தால் சமதளம் மாதிரி இருக்கும். ஆனால் ஹம்பர், டான், ஹைலண்ட் க்ரீக், ரூஜ் என்று ஆறுகளும் ஓடைகளும் ஊரை ஆழமா வெட்டி வெச்சிருக்கு. நல்ல மரங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தாக்குகளில்தான் இருக்கு.

அந்த மரங்கள் இன்னிக்கும் நிக்கிறதுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கு. 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்து ஆறுகள் பெருக்கெடுத்ததில் ஒண்டாரியோவில் 81 பேர் இறந்தாங்க. ஹம்பர் ஆத்தங்கரையில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதுக்குப் பிறகுதான் வெள்ளம் வரக்கூடிய பள்ளத்தாக்குகளில் வீடு கட்டறதைத் தடுத்து, நிலத்தை வாங்கிப் பூங்காவா மாத்தினாங்க. ஓடை ஓரமா நாம இன்னிக்குத் தள்ளிக்கிட்டுப் போற தார்ப்பாதை அப்படிக் கிடைச்ச நிலம்.

இதிலேர்ந்து ஒரு நடைமுறைப் பாடம் வருது. பள்ளத்தாக்கின் அடித்தளம் வெள்ளம் பரப்பின வண்டல், அதனால் தட்டையா இருக்கும். கஷ்டம், மேலேயிருந்து அங்கே இறங்கறதுதான். ஆகவே கார்ல போறவங்க கீழ்மட்டத்தில் பார்க்கிங் இருக்கிற பூங்காவாத் தேர்ந்தெடுத்தால், அந்த மோசமான பத்து மீட்டரைக் கார் பார்த்துக்கும். பஸ்ஸில் போறவங்களுக்குத்தான் சிக்கல். பஸ் மேட்டில் இறக்கிவிடும், பாதை பள்ளத்தில் ஓடும்.

எங்கே போகலாம்

*ஹைலண்ட் க்ரீக், மார்னிங்சைட் பார்க்:* ஸ்கார்பரோ தமிழ்க் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற இடம். ஓடையை ஒட்டித் தார்ப்பாதை, ஒண்டாரியோ ஏரிப் பக்கம் வரைக்கும் போகுது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் இங்கே இலையோட இன்னொண்ணும் பார்க்கலாம்: ஏரியிலேர்ந்து முட்டையிட எதிர்நீச்சல் போட்டு வர்ற சினூக் சால்மன். முழங்கால் அளவு தண்ணியில் கை நீள மீன் துள்ளிக்கிட்டுப் போகும். ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும். முட்டையிட்டதும் அவை இறந்துடும், கரையில் செத்த மீனும் வாடையும் இருக்கும். நாலு வயசுப் பிள்ளை "ஏன் இது நகர மாட்டேங்குது?"ன்னு கட்டாயம் கேக்கும். பதிலைத் தயாரா வெச்சுக்குங்க. நான் உள்ளதை உள்ளபடியே சொல்லிடுவேன்: "முட்டை போட்டாச்சு, அதோட வேலை முடிஞ்சுது."

*ஸ்கார்பரோ பல்கலைக்கழக வளாகப் பாதை:* டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம், நம்மவங்க நிதி திரட்டித் தமிழ் இருக்கை அமைச்ச அதே இடம். வளாகத்திலேர்ந்து ஹைலண்ட் க்ரீக் பள்ளத்தாக்குக்கு இறங்க சுமார் 500 மீட்டர் நீளத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போட்டிருக்காங்க. சரிவு 5%-க்குள். இந்தச் சரிவில் 500 மீட்டர் போனால் அதிகபட்சம் 25 மீட்டர் இறங்கலாம், எட்டு மாடி உயரம். நேரா இறக்கியிருந்தால் நூறு படி ஆகியிருக்கும். இங்கே சக்கர நாற்காலிக்காக யோசிச்சுப் போட்டது ஸ்ட்ரோலருக்கும் உதவுது, முழங்கால் வலிக்கும் உதவுது. எங்கம்மா திருச்சி மலைக்கோட்டையில் நானூத்துச் சொச்சம் படியை ஒரு காலத்தில் மூச்சு வாங்காம ஏறினவங்க. இப்போ பத்துப் படி இறங்கணும்னாலும் கைப்பிடியைத் தேடறாங்க. இந்தப் பாதையில் பேத்தியோட ஸ்ட்ரோலர் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பெஞ்ச் வர்ற இடத்தில் எல்லாம் உட்கார்ந்து, அடி வரைக்கும் வந்தாங்க. ஸ்ட்ரோலர் அவங்களுக்கு ஊன்றுகோல், அதை ஊன்றுகோல்னு யாரும் சொல்லவும் மாட்டாங்க.

*மவுண்ட் பிளசன்ட் கல்லறைத் தோட்டம்:* "குழந்தையைத் தூக்கிக்கிட்டுச் சுடுகாட்டுக்கா?"ன்னு வீட்டுப் பெரியவங்க கேப்பாங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னா வற்புறுத்த வேண்டாம். ஆனால் 1876-ல் திறந்த இந்த இடம், பலவகை மரங்களைப் பேர்ப்பலகையோட வளர்க்கிற ஒரு மரத்தோட்டம். உள்ளே எல்லாம் தார்ச்சாலை, கார் மெதுவாத்தான் போகும். இன்சுலினைக் கண்டுபிடிச்ச குழுவில் இருந்த பிரடெரிக் பாண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ரெண்டு பேரும் இங்கேதான் அடக்கம். நம்ம வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? அதைச் சொன்னதும் தயங்கின பெரியவங்ககூடக் கும்பிட்டுட்டு வந்ததைப் பார்த்திருக்கேன்.

*பெல்ட்லைன்:* 1892-லிருந்து 1894 வரை மட்டுமே பயணிகளை ஏத்தின ஒரு ரயில் தடம், இப்போ கல்தூள் நடைபாதை. ரயிலால் செங்குத்தா ஏற முடியாது, அதனால் ரயில் தடங்கள் இயல்பாவே சரிவு குறைஞ்சவை. எந்த ஊரிலும் ஸ்ட்ரோலருக்குப் பாதை தேடினால் "பழைய ரயில் தடம்" என்ற சொல்லைத் தேடுங்க. தெருமட்டத்தில் இருக்கிற நுழைவாப் பார்த்து உள்ளே போகணும், பெரிய சாலைகளைக் கடக்கிற இடத்தில் பிள்ளையைக் கையில் பிடிச்சுக்கணும்.

*டான் வேலி பிரிக் ஒர்க்ஸ்:* 1889-ல் தொடங்கி நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடின செங்கல் சூளை. மண் வெட்டின குழி இப்போ குளங்களும் நாணலும். குளத்தைச் சுத்தற அடிப்பாதை சமதளம். மேலே ஊரைப் பார்க்கிற இடத்துக்குப் போற பாதை செங்குத்து, ஸ்ட்ரோலரோட அதைத் தொட வேண்டாம்.

*லெஸ்லி ஸ்பிட்:* கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி ஏரிக்குள்ள 5 கி.மீ. நீளத்துக்கு உருவான நிலம். நடுவில் தார்ச்சாலை, பொதுமக்கள் கார் கிடையாது. வார இறுதியிலும், வார நாட்களில் மாலை 4 மணிக்கு மேலேயும்தான் திறந்திருக்கும். செப்டம்பரில் தெற்கே போற மொனார்க் பட்டாம்பூச்சிகள் இங்கே தங்கிப் போகும். ஏரிக்காத்து கடுமையா அடிக்கும். போகும்போது காத்து முதுகில் இருந்தால், திரும்பும்போது முகத்தில் என்பதை மறக்கக் கூடாது.

*ரூஜ் தேசிய நகர்ப்பூங்கா:* 2015-ல் அமைஞ்சது, கனடாவின் முதல் தேசிய நகர்ப்பூங்கா. நுழைவு இலவசம். ஆனால் பேர்போன மாஸ்ட், விஸ்டா பாதைகளில் ஏற்றமும் கரடுமுரடும் உண்டு, மாஸ்டில் படிக்கட்டும் இருக்கு. அங்கே குழந்தையை உடம்போட கட்டிக்கிற கேரியர்தான் சரி. பாட்டியும் வர்றாங்கன்னா ஆறு ஏரியில் கலக்கிற ரூஜ் பீச் பக்கம் போங்க.

என்ன பார்க்கிறது?

நம்ம ஆறு பெரும்பொழுதுகளில் கார், கூதிர், பனி எல்லாம் இருக்கு, இலையுதிர்காலம் என்று ஒண்ணு இல்லை. நம்ம ஊர் மரங்கள் பல மாசி, பங்குனியில் வறட்சிக்கு இலை உதிர்க்கும். இங்கே பகல் சுருங்கறதும் குளிரும்தான் காரணம். இலை தன் பச்சையத்தை உடைச்சுச் சத்தைத் திரும்ப மரத்துக்கு அனுப்புது. பச்சை போனதும் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரியும். மேப்பிளின் சிவப்பு அப்படி இல்லை, இலையில் தங்கின சர்க்கரையிலேர்ந்து கடைசி வாரங்களில் புதுசா உண்டாகறது. பகல் வெயிலும் உறையாத குளிர் இரவும் சேர்ந்தால் சிவப்பு கூடும். டொராண்டோவில் பொதுவா அக்டோபர் நடுவிலேர்ந்து கடைசி வரை உச்சம்.

பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் வேண்டாம், இலை போதும். நடக்கிற பிள்ளையோட வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வெச்சுக்குங்க. "நாலு நிறத்தில் இலை எடுத்துட்டு வந்து பாட்டிகிட்ட குடு"ன்னு சொன்னால், பெஞ்சில் இருக்கிற பாட்டியும் ஆட்டத்தில் சேர்ந்துடுவாங்க. (ரூஜ் தேசியப் பூங்காவில் எதையும் எடுத்துட்டு வரக் கூடாது, அங்கே பார்க்கிறதோட சரி.) ஓக் கொட்டை வாயில் போற அளவு, மூணு வயசுக்குக் கீழே கவனம்.

நாலு எச்சரிக்கை

ஒண்ணு, பாய்சன் ஐவி. ஒரே காம்பில் மூணு சிற்றிலை. தொட்டால் தோல் கொப்புளிக்கும். இலையுதிர்காலத்தில் அழகான சிவப்பா மாறும், பிள்ளை பறிக்கப் போறது அதைத்தான். கீழே உதிர்ந்து கிடக்கிற பெரிய இலையை எடு, செடியிலேர்ந்து பறிக்காதேன்னு விதி வெச்சிடுங்க.

ரெண்டு, உண்ணி. லைம் நோயைப் பரப்பற கருங்கால் உண்ணி வெப்பம் 4 டிகிரிக்கு மேல் இருந்தாலே நடமாடும். ரூஜ் பக்கம் அது உண்டு. நீளக் கால்சட்டை போட்டுக்கிட்டு, புல்லுக்குள்ள போகாம பாதையிலேயே நடங்க. வீட்டுக்கு வந்ததும் காது பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்க.

மூணு, குளிர். தள்ளற உங்களுக்கு வேர்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு உடம்பு சூடாகாது. உங்க உடம்பை வெச்சு அதோட உடுப்பை முடிவு பண்ணாதீங்க, அடிக்கடி பிடரியைத் தொட்டுப் பாருங்க. பெஞ்சில் இருக்கிற பாட்டிக்கும் இதே நியாயம்.

நாலு, வாஷ்ரூம். குளிர் வந்ததும் பல பூங்காக்களில் மூடிடுவாங்க. கிளம்பற முன்னாடி திறந்திருக்கான்னு பார்த்துக்குங்க. பெரியவங்க பல பேர் வெளியே வரத் தயங்கறதுக்குக் காரணம் இதுதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. வாஷ்ரூம் எங்கே இருக்குன்னு நீங்களே முதலில் சொல்லிட்டால் பாதித் தயக்கம் போயிடும்.

போற பாதையிலேயே திரும்பற நடை, வட்டமா சுத்தற நடையை விட நல்லதுன்னு நினைக்கிறேன். வட்டத்தில் பாதி தாண்டினதும் முடிச்சே ஆகணும், முன்னால் என்ன இருக்குன்னும் தெரியாது. போய்த் திரும்பற பாதையில் எந்த நிமிஷமும் திரும்பலாம், திரும்பி வர்ற வழி ஏற்கெனவே தெரிஞ்ச வழி. இருநூறு மீட்டர் போய்ட்டு பெஞ்சில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலேர்ந்து டீ குடிச்சுட்டு வந்தாலும் அது முழு நடைதான். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வெச்சதும் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைஞ்சிடும். அதுக்கு முன்னாடி கிடைக்கிற மூணு, நாலு சனி ஞாயிறுகள்தான் கையில் இருக்கு. ஊரிலேர்ந்து வந்தவங்க பனிக்கு முன்னால் திரும்பிடுவாங்க. அதனால் இந்த வருஷம் பாதையை அவங்க காலுக்கும் குழந்தையோட சக்கரத்துக்கும் ஏத்த மாதிரி தேர்ந்தெடுங்க. மலையேற்றப் பாதைகள் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.